படம் வருதா? ஓவர்!

"நாலாவது வரி வரைக்கும் தெரியுது தம்பி. அதுக்குக் கீழ எறும்பு ஊருற மாதிரி இருக்கு. ஓவர்."

ரேடியோவில் அந்தக் குரலைக் கேட்டதும் கண்ணாடிக்கடைக்காரருக்குப் பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம். முகத்துக்கு நேரே ஒரு கையால் அவர் பிடித்துக்கொண்டிருந்தது கண் பரிசோதனை அட்டை. கடைக்கு வருகிறவர்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்வாரே, அதே அட்டைதான். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து இருக்கும். கீழே வரவரப் பொடியாகிக்கொண்டே போகும். நாலாவது வரியோடு நின்றுவிடுகிறவர்களுக்குக் கடையில் ஒரு கண்ணாடி மாட்டி அனுப்பிவிடலாம். சொந்த டிவி நிலையத்துக்கு எங்கே கண்ணாடி மாட்டுவது?

ஆமாம், டிவி நிலையம்தான். அவர் வீட்டு ஹாலில்தான் இருந்தது.

மனிதர்களுக்குப் பல பைத்தியம் உண்டு. இவருக்கு அமெச்சூர் ரேடியோ. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, மாடியில் கம்பி கட்டி, சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து முகம் தெரியாதவர்களோடு காற்று வழியாகப் பேசுகிற பைத்தியம். அந்தப் பைத்தியத்திலும் ஒரு கிளைப் பைத்தியம் இருக்கிறது. குரல் போனால் போதாது, படமும் போக வேண்டும் என்று நினைப்பவர்களுடையது அது. ஒரு கேமரா, படத்தை அனுப்ப ஒரு பெட்டி, மாடியில் ஓர் ஆன்டெனா இருந்தால் போதும். சினிமா காட்டக் கூடாது, விளம்பரம் போடக் கூடாது. தன் மூஞ்சியைத் தாராளமாகக் காட்டிக்கொள்ளலாம்.

"அதை உட்கார்ந்து பாக்கப்போறது யாரு?" என்று மனைவி கேட்டிருந்தாள்.

"ஒருத்தர் இருக்கார்."

அந்த ஒருத்தர் ஏரிக்கு அக்கரையில் இருந்தார். ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாசற்படிக்கு வெளியே அதிகம் போகாதவர். வருஷக்கணக்காக இரண்டு பேருக்கும் சாயங்காலம் தவறாமல் ரேடியோவில் பேச்சு. ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. தினமும் பேசுகிறவரை நேரில் போய்ப் பார்க்க என்ன அவசரம்? சாலை வேறு ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறது. இப்போது கார்டு வீட்டு டிவியில் இவருடைய முகம் தெரியப்போகிறது என்பதில் இரண்டு பேருக்குமே பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு உண்டான படபடப்பு இருந்தது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரேடியோ சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை எல்லாரும் கார்டு சார் வீட்டுக்கு வந்துடுங்க. அங்க டிவியில நான் வரேன்" என்று அறிவித்துவிட்டார். சங்கச் செயலாளர் புருவத்தை உயர்த்தினார். போன தடவை இவர் செய்து காட்டிய ஏதோ ஒன்று புகைந்து, சங்கத்து மேஜைவிரிப்பில் ஓட்டை விழுந்ததை அங்கே யாரும் மறக்கவில்லை.

"எழுத்தெல்லாம் எப்படி இருக்கு கார்டு சார்? ஓவர்" என்று இப்போது மைக்கில் கேட்டார்.

கார்டு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்துல இன்னொரு எழுத்து நிக்குது தம்பி. ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. உங்க மொட்டை மாடியில இரும்புச் சாமான் ஏதாவது கிடக்கா? சிக்னல் அதுல முட்டித் திரும்பினா இப்படித்தான் ரெட்டையாத் தெரியும். ஓவர்."

மொட்டை மாடியில் இரும்பு கிடக்கிறதா என்பது கேள்வியே இல்லை. இரும்புக்கு நடுவில் மாடி எங்கே கிடக்கிறது என்பதுதான் கேள்வி. சக்கரம் இல்லாத சைக்கிள், சைக்கிள் இல்லாத சக்கரம், துருப்பிடித்த கட்டில், யாரோ தூக்கிப் போட்ட டிஷ், ஒரு பிரிட்ஜின் முதுகு. எல்லாம் ஒருநாள் உதவும் என்று அவர் சேர்த்தவை. அந்த ஒருநாள் இன்னும் வரவில்லை.

"எல்லாத்தையும் காலி பண்ணிடப் போறேன்" என்றார் மனைவியிடம்.

அவள் பதறிப்போனாள். "ஐயய்யோ, அதையா? அது உங்க உயிராச்சே! கிடந்துட்டுப் போகட்டும்ங்க, அது பாட்டுக்கு."

அவள் இப்படிப் பரிந்து பேசியது அவருக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. "விஞ்ஞானம்னு வந்துட்டா தியாகம் பண்ணித்தான் ஆகணும்" என்றார்.

பழைய இரும்புக் கடைக்காரர் வந்தார். சைக்கிள் இறங்கியது, டிஷ் இறங்கியது, பிரிட்ஜின் முதுகும் இறங்கியது. கட்டில் மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போவேனா, கீழேயும் வருவேனா என்றது. கட்டிலுக்கு மேலே பழைய இரும்புக் கடைக்காரர், கீழே கண்ணாடிக்கடைக்காரர்.

"ஏத்தும்போது எப்படிங்க ஏத்துனீங்க?"

"அப்ப துரு இவ்வளவு இல்லை. இளைச்சு இருந்துச்சு."

மனைவி கட்டில் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி மேலே இருந்தவருக்குத் தேநீர் கொடுத்தாள். கடைசியில் காலை அறுத்துத்தான் கட்டிலை இறக்க வேண்டியிருந்தது. போகிற போக்கில் மிச்சமிருந்த கால் ஹால் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கீறிக்கொண்டு போயிற்று.

மறுநாள் சாயங்காலம் ஆர்வமாக அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெட்டை போயிடுச்சு தம்பி" என்றார் கார்டு.

"அப்பாடா! எந்த வரி வரைக்கும் தெரியுது? ஓவர்."

"மூணாவது."

"மூணாவதா? நேத்து நாலு தெரிஞ்சுதே!"

"அது நேத்து. இப்ப உங்க பின்னாடி சுவத்துல பாம்பு மாதிரி ஒரு கீறல் தெரியுது. சுவரே ஒரு மாதிரி இருட்டடிச்சுப்போய்க் கிடக்கு. கேமரா அதைப் பாத்துக் குழம்பிப்போய், அட்டையை வெளுத்துக் காட்டுது. ஓவர்."

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பச்சை என்று சொல்லி அடித்த சுவர். இப்போது அதற்கு என்ன நிறம் என்று சொல்ல ஒரு நிறமும் முன்வராது.

"வெள்ளை அடிக்கணும்" என்றார்.

"இப்ப எதுக்குங்க?" என்றாள் மனைவி. "எனக்கு இந்தப் பச்சையே கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கு."

"உன் கண்ணுக்கு இருக்கும். கேமரா கண்ணுக்கு?"

ஆளைக் கூப்பிட்டால் நாளாகும் என்று தானே அடித்தார். ஒரு சுவர் முடிந்ததும் கார்டு, "இப்ப வெளிச்சம் ஒரு பக்கமாச் சாயுது தம்பி" என்றார். சரிதான் என்று நாலு சுவரையும் அடித்தார். நாலு சுவரும் வெளுத்ததும் மேலே கூரை அழுக்காகத் தெரிய ஆரம்பித்தது. அதைக் கார்டு சொல்வதற்கு முன்னால் இவரே ஏணி போட்டுவிட்டார். அந்த நாட்களில் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

கடையில் கண்ணாடி வாங்க வந்த ஓர் அம்மாள் அவர் தலையையே உற்றுப் பார்த்தாள். "போன வாரம் கறுப்பா இருந்துச்சே! அதுக்குள்ள இப்படி நரைச்சுப்போச்சு. வீட்டுல ஏதாவது கவலையா?"

"டிவி" என்றார் அவர், சுருக்கமாக.

"எங்க வீட்டிலயும் அதேதான்" என்று பெருமூச்சு விட்டாள் அந்த அம்மாள்.

அடுத்த பரிசோதனையில் இரண்டாவது வரிதான் தெரிந்தது.

"எப்படி சார்? ஓவர்" என்று மைக்குக்குள் கத்தினார்.

"சுவர் ஜம்முனு இருக்கு தம்பி. கண்ணாடி மாதிரி. ஆனா படம் பூரா குறுக்குக் கோடா ஓடுது. வீட்டுல ஏதாவது மோட்டார் பொறி விடுதோ? டக் டக்னு ஒரு சத்தமும் கூடவே வருது. ஓவர்."

டக் டக் என்று சத்தம் போட்டது ஹால் மின்விசிறி. அது அந்த வீட்டின் நாடித்துடிப்பு மாதிரி. நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று அவர் விட்டிருந்தார். இப்போது கழற்றி இறக்கினார். இறக்கைகளின் மேல் படிந்திருந்த தூசி ஒரு போர்வையாகப் பெயர்ந்து, புதுச் சுவர்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் மூக்கில் வந்து இறங்கியது. தும்மினார். தும்மிக்கொண்டே இருந்தார்.

"உடம்பைக் கெடுத்துக்காதீங்க" என்றாள் மனைவி, துணியை நீட்டியபடி. "அப்படியே மாட்டிடுங்க, போதும்."

"அரைகுறையா ஒரு வேலை செய்யறது எனக்குப் பிடிக்காது" என்று சொல்லி, ஒவ்வோர் இறக்கையையும் முகம் தெரியத் துடைத்தார். எண்ணெய் போட்டார். உள்ளே தேய்ந்திருந்ததை மாற்றினார். மாட்டியபோது மின்விசிறி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு அமைதி.

"அட!" என்று அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள் மனைவி. பிறகு சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டு, "உங்களுக்குத்தான் எவ்வளவு அலைச்சல்" என்றாள்.

கார்டு அன்றைக்கு வெகுநேரம் யோசித்துப் பதில் சொன்னார். "கோடு போயிடுச்சு. ஆனா படம் குதிக்குது தம்பி. யாரோ கதவைப் படார்னு சாத்துற மாதிரி ஒரு குதி. ஓவர்."

"கேமரா ஸ்டாண்டு அதிருதோ? ஓவர்."

"இருக்கும் இருக்கும்! அதேதான்! ஓவர்."

இது உண்மையிலேயே பொருந்தியது. படுக்கையறைக் கதவு ஊதிப்போய் நிலையில் இறுகும். மூட வேண்டுமானால் தோளால் மோத வேண்டும். திறக்க வேண்டுமானால் உள்ளேயிருந்து ஒருவர் இழுத்து, வெளியேயிருந்து ஒருவர் தள்ள வேண்டும். அந்த வீட்டுத் தம்பதியின் ஒற்றுமைக்கு அந்தக் கதவும் ஒரு காரணம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மனைவி அதற்குச் சிரித்ததில்லை.

கதவைக் கழற்றி ஹாலில் குறுக்கே போட்டு இழைத்தார். சுருள் சுருளாக மரத்தூள் கிளம்பியது. ஒரு பக்கம் இழைத்தால் அடுத்த பக்கம் இடித்தது. அடுத்த பக்கம் இழைத்தால் தாழ்ப்பாள் எட்டவில்லை. தாழ்ப்பாளை நகர்த்தினால் கதவு தானே திறந்துகொண்டது. தும்மல் வேறு இன்னும் நிற்கவில்லை. கடைக்குக்கூடப் போகாமல் மல்லாடி, ஒருவழியாக மாட்டி முடித்து, சுண்டுவிரலால் தொட்டார். கதவு சத்தமில்லாமல் போய் நிலையில் பொருந்திக்கொண்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தூக்கினார். விடிந்தால் சங்கமே அக்கரையில் கூடப்போகிறது.

"குதிக்கலை தம்பி. ஓவர்."

"சார், எந்த வரி? அதைச் சொல்லுங்க. ஓவர்."

அந்தப் பக்கம் கார்டு இரண்டு தடவை இருமினார்.

"மேல் எழுத்து தெரியுது. அது 'ம'வா 'ய'வான்னுதான் சொல்ல முடியலை... ஓவர்."

கண்ணாடிக்கடைக்காரர் மைக்கைக் கீழே வைத்தார். கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"மூட்டை கட்டறேன். சங்கத்துக்கு வர வேணாம்னு சொல்லிடறேன். இதையெல்லாம் அந்தப் பழைய இரும்புக் கடைக்காரருக்கே குடுத்துடலாம். கட்டிலுக்குத் துணையா இருக்கும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"பின்ன எப்படிப் பேசறது?" என்றவர் புதுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "கடையில தினம் எத்தனை பேரைப் பாக்க வைக்கறேன். பேத்தி மூஞ்சி தெரியலைன்னு வர்றவங்க, பஸ் நம்பர் தெரியலைன்னு வர்றவங்க, எல்லாரும் தெளிவாப் பாத்துட்டுத்தான் போறாங்க. ஒரே ஒரு மனுஷன், என்னைப் பாக்கணும்னு ஆசைப்படறார். அவருக்கு என் மூஞ்சியைக் காட்ட முடியலையே எனக்கு."

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலைமுடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொட்டு ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"நாளைக்குப் படம் வரும்ங்க. பளிச்சுனு வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் மனசு சொல்லுது. நீங்க கேமராவை மாட்டி வைங்க" என்றவள் அவசரமாக எழுந்தாள். "எங்க அக்காவுக்கு ஒரு போன் பண்ண மறந்துட்டேன். இதோ வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், தூக்குமேடை ஏறுகிறவர் மாதிரி கேமரா முன்னால் போய் உட்கார்ந்தார். மனைவி இஸ்திரி போட்ட சட்டையை வற்புறுத்தி மாட்டிவிட்டிருந்தாள். பெட்டியின் சுவிட்சைப் போட்டார். அட்டையைத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

ரேடியோவில் முதலில் வந்தது கார்டின் குரல் இல்லை. சங்கச் செயலாளரின் குரல். பின்னால் ஒரே சலசலப்பு.

"யோவ், கேக்குதா? ஓவர்."

"கேக்குது. சொல்லிடுங்க. ஓவர்."

"என்னத்தைச் சொல்றது! கடைசி வரி வரைக்கும் படிச்சாச்சு. அதுக்குக் கீழ அட்டையை அச்சடிச்ச பிரஸ் பேரையும் படிச்சாச்சு. இங்க எல்லாரும் கை தட்டறாங்க, கேக்குதா? அட்டையைக் கீழ போடுய்யா, உன் மூஞ்சியைப் பாக்கணும். ஓவர்!"

அட்டை தானாகவே கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு கார்டு பேசினார். "தம்பி, நான் உங்களை ஒல்லியா நினைச்சிருந்தேன். பரவாயில்லை, இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஓவர்."

இந்த நாளுக்காக அவர் ஒரு பேச்சு தயாரித்து மனப்பாடம் செய்திருந்தார். அதில் ஒரு சொல்கூட இப்போது ஞாபகம் வரவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு திடீரென்று எழுந்து போய், கதவுக்குப் பின்னால் நின்ற மனைவியின் கையைப் பிடித்து இழுத்துவந்து கேமரா முன்னால் நிறுத்தினார்.

"எல்லாரும் பாத்துக்கோங்க. இவ இல்லேன்னா இந்தப் படம் இல்லை. வீடு பூரா வெள்ளையடிச்சு, கதவைக் கழட்டி, படியில உட்கார்ந்து சாப்பிட வெச்சேன். ஒரு தடவை முகம் சுளிச்சிருப்பாளா? ஓவர்!"

அக்கரையில் மறுபடியும் கைதட்டல். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"ரொம்பத்தான் ஓவர்" என்று சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

முகம் பார்த்த பிறகு நேரில் போகாமல் இருக்க முடியுமா? அடுத்த விடுமுறையிலேயே மனைவியோடு பஸ் ஏறி, ஏரியைச் சுற்றிக்கொண்டு கார்டு வீட்டுக்குப் போனார். கார்டு கைத்தடியை மறந்துவிட்டு வாசல்வரை வந்துவிட்டார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ரேடியோவில் வாய் ஓயாதவர்களுக்கு நேரில் என்ன பேசுவது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு, வழக்கம்போல ஆன்டெனாவைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்கள்.

"எல்லாம் அந்தக் கதவுதான் சார்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "நான் விடாம யோசிச்சுப் பாத்தேன். இழைச்ச அன்னிக்கு மரம் இன்னும் அடங்கலை. ஒரு ராத்திரி போனதும் நிலையில நல்லா உட்கார்ந்துடுச்சு. உடனே படம் பளிச்! இதை விவரமா எழுதி சங்கத்துப் பத்திரிகைக்கு அனுப்பலாம்னு இருக்கேன். 'வீட்டுப் பராமரிப்பும் தொலைக்காட்சியும்'னு தலைப்பு."

கார்டுக்குப் பலமாக இருமல் வந்தது. செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத ஏதோ ஒரு பறவையை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

தேநீர்த் தட்டோடு உள்ளேயிருந்து வந்த கார்டின் மனைவி, கோப்பையைக் கண்ணாடிக்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"நல்லா எழுதுங்க தம்பி, அப்படியே குளியலறைக் குழாய் ஒழுகினா டிவியில என்ன கோளாறு வரும்னும் அதுல போட்டுடுங்க, உங்க வீட்டம்மா முந்தாநாள் போன் பண்ணிக் கேட்டதுலேருந்து இவரும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறாரு, இந்தத் தடவை ஒண்ணுமே தோண மாட்டேங்குது!"